திட்டம் கைவிட்டுப் போனால் ஜெபத்தை எங்கிருந்து தொடங்குவது

வேலை கிடைக்கவில்லை, கல்யாணப் பேச்சு நின்றுபோயிற்று, விசா வரவில்லை. சேதி வந்த அன்றைக்கே "எல்லாம் நன்மைக்கே, ஸ்தோத்திரம்" என்று சொல்லி முடித்துவிடப் பலரும் பழகியிருக்கிறோம். அது வேண்டாம். வாய் ஸ்தோத்திரம் சொல்லும், மனசு கர்த்தரோடு பேச்சை நிறுத்தியிருக்கும். சில மாதம் கழித்துத்தான் அது தெரியவரும்.

முதலில் முறையிடுங்கள். அதற்கு அளவாக அமைந்தது வேதத்திலுள்ள 13-ஆம் சங்கீதம். மொத்தம் 6 வசனம். முதல் இரண்டில் முறையீடு, அடுத்த இரண்டில் விண்ணப்பம், கடைசி இரண்டில் நம்பிக்கை. "எதுவரைக்கும்" என்ற கேள்வி முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு முறை வருகிறது. ஒரு தாளை எடுத்து, அதே வரிசையில் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். "மூன்று வருஷம் படித்தேன், இரண்டு மார்க்கில் போய்விட்டது, நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்?" என்று எழுதலாம், தப்பில்லை. மூன்றாம் பகுதி வரவில்லையென்றால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். 88-ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

தாளின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள்: திட்டம் என்ன, அதற்குள் இருந்த ஆசை என்ன. "அந்த ஊரில் அந்த வேலை" என்பது திட்டம். "வீட்டுக் கடனை அடைக்க வேண்டும்" என்பது ஆசை. மூடப்பட்டது பெரும்பாலும் முதலாவதுதான். தாவீது ராஜா ஆலயம் கட்ட ஆசைப்பட்டார், தீர்க்கதரிசி நாத்தானும் முதலில் சரி என்றார், அன்று ராத்திரியே வேண்டாம் என்று வார்த்தை வந்தது. தாவீது ஆசையை விடவில்லை. மகன் சாலொமோன் கட்டுவதற்குக் கல்லும் இரும்பும் கேதுரு மரமும் சேர்த்து வைத்தார்.

இந்தச் சமயத்தில் யாராவது எரேமியா 29:11-ஐ அனுப்புவார்கள். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்று இருப்பதால், நான் எதிர்பார்த்ததே நடக்கும் என்று படித்துவிடுகிறோம். எபிரெயத்தில் உள்ள சொற்கள் பிற்காலத்தையும் நம்பிக்கையையும் குறிப்பவை. அதற்கு முந்தின வசனத்தையும் படியுங்கள்: 70 வருஷம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள் என்றும் அதிலேயே இருக்கிறது. காத்திருக்கும்போது செய்யவேண்டியது 5-ஆம் வசனத்தில்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள். ஆகவே நாளைக் காலை செய்யவேண்டிய ஒரு சின்ன வேலையை அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

சறுக்குகிற இடங்கள் சில. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுப்பது. எந்தப் பாவத்தால் இப்படி ஆயிற்று என்று தோண்டுவது. எல்லாம் இழந்த யோபுவின் நண்பர்கள் 7 நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தவரைக்கும் சரியாகத்தான் இருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. ஒரு கதவு மூடியதுமே "தேவசித்தம் இல்லை" என்று முத்திரை குத்துவதும் அவசரம். அப்போஸ்தலர் 16-இல் வசனம் சொல்லப் புறப்பட்ட பவுலுக்கு ஆசியாவில் (அன்றைய ரோம மாகாணம்) தடை, பித்தினியாவிலும் தடை. அவர் உட்கார்ந்துவிடவில்லை, துரோவா வரைக்கும் நடந்தார். மக்கெதோனியாவுக்கு வரச்சொன்ன தரிசனம் அங்கேதான் கிடைத்தது. ரோமாபுரிக்குப் போக வெகுநாளாக விரும்பியவர், கடைசியில் கைதியாகத்தான் போய்ச் சேர்ந்தார்.

பெரிய முடிவு எதையும் அந்த வாரத்தில் எடுக்காதீர்கள், பொருத்தனையும் (நேர்த்திக்கடன்) பண்ணாதீர்கள். ஆறுதல் சொல்ல அவசரப்படாத ஒருவரிடம் மட்டும் தாளைக் காட்டுங்கள். இரண்டு வாரமாகியும் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லையென்றால் ஜெபத்தோடு டாக்டரையும் பாருங்கள். ஒரு மாதம் கழித்துத் தாளை எடுத்து, வெறுமையாக விட்ட அந்தப் பகுதியில் ஏதாவது எழுத வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் தேதியை மட்டும் போட்டு மடித்து வையுங்கள்.