கல்யாணத்துக்குப் பிறகு பாரத்தில் எந்தப் பெயரை எழுதுவது?

தமிழ்நாட்டிலிருந்து மனைவி வந்தாச்சு, இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் விருந்தும் முடிஞ்சாச்சு, அடுத்த வேலை ஈப்போவுக்குப் போய் குடிநுழைவுத் துறையில் நீண்டகால சமூக வருகைப் பாஸுக்கு, அதாவது மனைவி இங்கே தங்குவதற்கான அனுமதிக்கு, மனுப் போடுவது. பாரத்தை விரித்தால் முதலில் கேட்பது ‘நாமா பெனூ’, அதாவது முழுப் பெயர். பஞ்சாயத்து அங்கேதான் ஆரம்பிக்கும். இனி நம்ம வீட்டுப் பேருதானே போடணும் என்பார் மாமியார், பொண்ணுக்கு அப்பா பேரை விட மனசு வராது, பாரம் எழுதிக் கொடுப்பவர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்.

மூவர் சொல்வதையும் விடுங்கள். மனைவியின் இந்தியக் கடப்பிதழில், அதாவது பாஸ்போர்ட்டில், இன்றைய தேதிக்கு என்ன அச்சாகியிருக்கிறதோ அதுதான் பெயர், எழுத்துக்கு எழுத்து அதேதான். பாஸ் அந்தக் கடப்பிதழின் பெயரோடும் எண்ணோடும்தான் கட்டப்பட்டிருக்கும், கல்யாணப் பத்திரிகையோடு அல்ல.

இன்னொன்று, இந்த நாட்டில் கல்யாணம் ஆனதற்காக யாரும் பெயர் மாற்றுவதில்லை. மாமியாரின் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, வாங்கிப் பாருங்கள், ஏ/பி (இன்னாரின் மகள்) போட்டு அவருடைய அப்பா பெயர்தான் இருக்கும், பேரப்பிள்ளை எடுத்த பிறகும் அதுதான். அதனால் மருமகள் மட்டும் பெயர் மாற்றிக்கொண்டு வந்தால்தான் பாஸ் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நம் ஆட்களுக்கு உண்மையான தலைவலி இனிஷியல். ஒரு பேச்சுக்கு, பொண்ணு பெயர் கவிதா, அப்பா முருகன், மாப்பிள்ளை செல்வம் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் மு. கவிதா. கடப்பிதழில் குடும்பப் பெயர் இடத்தில் முருகன், இயற்பெயர் இடத்தில் கவிதா. சிலருக்குக் குடும்பப் பெயர் இடம் காலியாகவே இருக்கும், ‘கவிதா முருகன்’ முழுவதும் இயற்பெயர் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். கல்யாணம் முடிந்து சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியப் போகும்போது யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் ‘இனி மாப்பிள்ளை இனிஷியல்தானே’ என்று செ. கவிதா என எழுதிவிடுவார், அந்த அவசரத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள், அப்புறம் ஈப்போ கவுண்டரில் ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர். அதிகாரி கடப்பிதழை ஒரு பக்கம், திருமணச் சான்றிதழை இன்னொரு பக்கம் வைத்து விரலால் தொட்டுத் தொட்டுப் படிப்பார், அந்த ‘செ’ வந்ததும் விரல் நின்றுவிடும்.

இதை ஊரிலேயே தடுத்துவிடலாம். சார்பதிவாளரிடம் கையெழுத்துப் போடும் முன் இருவர் பெயரும் அவரவர் கடப்பிதழில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள், இனிஷியல் வேண்டாம், விரித்து எழுதச் சொல்லுங்கள், தேதியையும் கடப்பிதழ் எண்ணையும் சரிபாருங்கள். அங்கே திருத்துவது ஐந்து நிமிட வேலை, கடல் தாண்டிய பிறகு அது வேறு கதை. அந்தச் சான்றிதழுக்கு இந்திய வெளியுறவு அமைச்சின் சான்றொப்பமும் அங்குள்ள மலேசியத் தூதரகத்தின் உறுதிப்பாடும் வாங்க வேண்டியிருக்கும், தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது. முத்திரை குத்திய பிறகு பிழையைக் கண்டால் முதலிலிருந்து எல்லாம் திரும்ப. சான்றிதழ் தமிழில் இருந்தால் மலாய் அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவை, அதிலும் பெயர் கடப்பிதழ் எழுத்துக்கூட்டலில்தான் வர வேண்டும். ‘தமிழில் இருப்பதைப் பார்த்து எழுதுங்கள்’ என்று விட்டால் மொழிபெயர்ப்பாளர் தனக்குத் தோன்றிய ஸ்பெல்லிங்கைப் போடுவார்.

அடுத்து மலேசியத் தேசியப் பதிவுத் துறை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976 திருமண, மணவிலக்குச் சட்டம் நடப்புக்கு வந்தது 1982 மார்ச் 1-இல், அதன்படி வெளிநாட்டில் நடந்த கல்யாணத்தை 6 மாதத்துக்குள் பதிய வேண்டும். கோயிலில் தாலி கட்டிய போட்டோ மட்டும் போதாது. (முஸ்லிம்களுக்கு வழி வேறு, மாநில இஸ்லாமிய சமய இலாகாவில் கேளுங்கள்.) இங்கே இன்னொரு சங்கடம் வரும்: கணினியில் தட்டும் பணியாளர் இந்தியப் பெண் என்றதும் பழக்க தோஷத்தில் ‘கவிதா ஏ/பி முருகன்’ என்று அடித்துவிடுவார், அவர் நினைப்பில் அது மரியாதை. இந்தியக் கடப்பிதழில் ஏ/பி கிடையாது. அச்சடிக்கும் முன் ‘இக்குட் பாஸ்போட், புவான்’ (பாஸ்போர்ட்டில் உள்ளபடி போடுங்கள், அம்மா) என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள், கோபிக்க மாட்டார்கள்.

பாஸுக்கான மனுவில் கணவர் ஜாமீன் பத்திரமும் கொடுக்க வேண்டும், அதற்கு 10 ரிங்கிட் முத்திரை வரி. அதிலும் மனைவி பெயர் வரும். முதலில் பெயரைச் சரிபாருங்கள், பிறகு முத்திரை வாங்குங்கள்.

சரி, ஏற்கெனவே பெயர் குழம்பிவிட்டது என்றால்? சத்தியப் பிரமாண ஆணையரிடம், அதாவது பெசுருஜாயா சும்பாவிடம் போய் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதுங்கள். கடப்பிதழில் இன்ன பெயர், திருமணச் சான்றிதழில் இன்ன பெயர், இரண்டும் ஒரே ஆள், வித்தியாசம் வந்ததற்குக் காரணம் இது என்று நாலே வரி, கடப்பிதழ் எண்ணோடு. மூல ஆவணங்களை உடன் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்திரம் குழப்பத்தை விளக்கும், அவ்வளவுதான், பெயரை மாற்றாது. அதை வைத்துக்கொண்டு பாரத்தில் புதுப் பெயரை எழுதக் கூடாது.

இல்லை, கணவர் பெயர் கட்டாயம் வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு இரண்டு வழி. எளிதானது, தன் பெயரைத் தொடாமல் துணைவர் பெயரை மட்டும் இந்தியக் கடப்பிதழில் சேர்ப்பது. என்னைக் கேட்டால் இதுவே போதும். மற்றது பெயரையே மாற்றுவது. எதுவானாலும் புதுப் புத்தகம் வரும், எண்ணும் மாறும். அதனால் ஒன்று, இங்கே எந்த மனுவும் போடும் முன் ஊரிலேயே முடித்துவிட்டு வாருங்கள், அல்லது பாஸ் கைக்கு வந்த பிறகு கோலாலம்பூர் இந்தியத் தூதரகம் வழியாக மாற்றி, புதுப் புத்தகத்துக்குப் பாஸை மாற்றிக் கொடுக்கும்படி குடிநுழைவுத் துறையில் கேளுங்கள். மனு நடந்துகொண்டிருக்கும்போது நடுவில் மட்டும் வேண்டாம், ஓடுகிற பஸ்ஸில் டயர் மாற்றுகிற கதை அது. மனுவில் பழைய எண் இருக்கும், கையில் புதுப் புத்தகம் இருக்கும், கவுண்டரில் விழிக்க வேண்டியதுதான். ரத்து செய்த பழைய புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள், இரண்டையும் சேர்த்தே கொண்டு போங்கள்.

விமான டிக்கெட், வந்து இறங்கும் முன் 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை, இரண்டிலும் இதே கதைதான், கடப்பிதழ்ப் பெயர். மாமியார் வீட்டுப் பெயரில் டிக்கெட் போட்டால் சென்னையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இவ்வளவு எதற்கு என்றால், இந்தப் பாஸில் 5 வருஷம் இருந்த பிறகுதான் நிரந்தர வசிப்புக்கு, நம் பேச்சில் சிவப்பு ஐசிக்கு, மனுப் போட முடியும். அப்போது பழைய தாள் எல்லாம் மறுபடி மேசைக்கு வரும். நடுவில் பிள்ளை பிறந்தால் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயரும் இதே கடப்பிதழ்ப் பெயராகத்தான் இருக்க வேண்டும், மருத்துவமனையில் பெயர் பதியும் அன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈப்போவுக்கு இருவரும் சேர்ந்தே போங்கள், கணவர் மட்டும் போனால் திருப்பி அனுப்புவார்கள். போட்டோஸ்டேட் எடுக்கும்போது கடப்பிதழின் கடைசிப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள், அப்பா பெயரும் துணைவர் பெயரும் அச்சாகியிருந்தால் அங்கேதான் இருக்கும்.