ஒரு தளபதியைப் பல போர்களினூடே பின்தொடர்வது எப்படி

வெள்ளவத்தையில் என் வீட்டு விறாந்தைக்கு உயர்தர வரலாறு படிக்க வரும் பிள்ளைகளுக்கு, வருடத்துக்கு ஒரு ஆளைக் கொடுத்து, அவருடைய சேவைக்காலத்தை ஒரு பிரிஸ்டல் போர்ட்டில் கீறி வரச் சொல்வேன். இம்முறை கொடுத்தது பல்கேரியத் தளபதி ராட்கோ டிமித்ரியெவ். 1859இல் பிறந்தவர். எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்படாத பெயர் என்பதால்தான் கொடுத்தேன். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுத முடியாது.

முதலில் பேனையைத் தொடாதீர்கள். பென்சிலாலும் அடிமட்டத்தாலும் திகதிக்கு இரண்டு வரிசை கீறுங்கள். பல்கேரியா 1916 வரை பழைய யூலியன் நாட்காட்டியில் இருந்தது. அது 19ஆம் நூற்றாண்டில் நம் நாட்காட்டிக்கு 12 நாள் பிந்தியது, 20ஆம் நூற்றாண்டில் 13 நாள். போன மாதம் ஒரு பிள்ளை பல்கேரியரும் சேர்பியரும் மோதிய சிலிவ்னிட்சா சண்டையை இரண்டு தடவை கீறி வந்தாள், 1885 நவம்பர் 5இல் ஒன்று, 17இல் இன்னொன்று. அவள் வாசித்த இரண்டு புத்தகமும் சரி, சண்டை ஒன்றுதான்.

ஊர்ப் பெயரிலும் இதே சிக்கல் வரும். பல்கேரியர் லோசென்கிராட் என்பதும் அக்காலப் புத்தகங்கள் கிர்க் கிலிசே என்பதும் இன்றைய துருக்கியின் கிர்க்லரெலிதான். மூன்றையும் ஒரே பெட்டிக்குள் எழுதி வையுங்கள். ஆளின் பெயரையும் விட்டுவிடாதீர்கள். ரஷ்ய நூல்களில் ராட்கோ-டிமித்ரியெவ் என்று இணைத்தே எழுதுவார்கள். பொது நூலகத்தில் புத்தகத்தின் பின் அகரவரிசையில் ராட்கோ, டிமித்ரியெவ் என்ற இரண்டு பெயரின் முதலெழுத்திலும் தேடுங்கள்.

அடுத்ததுதான் நான் அதிக புள்ளி போடும் நிரல்: எந்தக் கொடியின் கீழ், யாருக்கு எதிராக? பதவி உயர்வுகளை மட்டும் அடுக்கினால் இந்த மனிதர் கையில் அகப்படவே மாட்டார். 1885இல் பல்கேரிய அதிகாரியாகச் சேர்பியரோடு போரிட்டார். அடுத்த ஆண்டே, தன் நாட்டு இளவரசர் பாட்டன்பர்க் அலெக்சாண்டரைக் கவிழ்த்த சதியில் சேர்ந்தார். அது நிலைக்காமல் போக, ரஷ்யாவுக்குப் போய் அந்நாட்டுப் படையில் பணியாற்றினார். 1898இல்தான் திரும்பினார். இந்தப் பன்னிரண்டு வருடத்தைப் பிள்ளைகள் 'போர் இல்லை' என்று வெறுமையாக விடுகிறார்கள். எனக்கு மனம் கேட்பதில்லை. 1914இல் அவர் எடுத்த முடிவின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1912இல் மூன்றாம் படையின் தளபதியாக ஒஸ்மானியருக்கு எதிராக கிர்க் கிலிசேயிலும் லுலே பூர்காஸிலும் வென்றார். இதை எல்லோரும் பெரிதாகக் கீறுவார்கள். அதே அளவு இடத்தை நவம்பரில் நடந்த சத்தால்ஜாவுக்கும் கொடுங்கள். கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கு முன்னால் இருந்த அரண் வரிசை அது. வாந்திபேதி படைக்குள் பரவியிருந்தது, தாக்குதல் தோற்றது. 1913இல் நேற்றைய கூட்டாளிகளான சேர்பியாவும் கிரேக்கமும் எதிரிகளானார்கள். எதிரி நிரலில் அதைச் சிவப்பால் எழுதுங்கள்.

பிறகு பல்கேரியத் தூதராக ரஷ்யத் தலைநகரில் இருந்தவர், 1914இல் முதலாம் உலகப் போர் தொடங்கியதும் ரஷ்யப் படையில் சேர்ந்தார். இங்கே கோட்டின் நிறத்தை மாற்றுங்கள். இன்றைய போலந்து-உக்ரேன் எல்லைப் பகுதியான கலீசியாவில் ரஷ்ய மூன்றாம் படையை நடத்தினார். 1915 மே மாதம் அங்குள்ள கோர்லிட்சே என்ற ஊரில் ஜேர்மனியரும் ஒஸ்திரியரும் அதை உடைத்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் பல்கேரியா ஜேர்மனியின் பக்கம் போரில் இறங்கியது. அவர் கோட்டுக்குக் கீழே பல்கேரியாவுக்கென ஒரு மெல்லிய கோட்டை ஓட விடுங்கள். இரண்டும் எதிரெதிராகப் போவது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

வலது ஓரத்தில் நான்கு விரல் இடம் விடுங்கள். 1918இல் தென் ரஷ்ய ஊரான பியாட்டிகோர்ஸ்கில், புரட்சி செய்த போல்ஷெவிக்குகள் பணயமாகப் பிடித்து வைத்திருந்தவர்களோடு, ரஷ்யத் தளபதி ருஸ்கியும் இவரும் கொல்லப்பட்டார்கள். அது போர்முனை அல்ல. வாள் குறி போடாமல் ஊரையும் ஆண்டையும் மட்டும் பேனையால் எழுதுங்கள்.