தூங்கும்போதே பேட்டரியைத் தின்ற சென்சார்

தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் போகும் ரேடியோ) வழியாக வீட்டுக்கு அனுப்ப ஒரு சென்சார் செய்திருந்தேன். நான்கு ஏஏ செல். அரை மணிக்கு ஒருமுறை விழித்து, அனுப்பிவிட்டு, மறுபடி உறங்கும். ஆனாலும் பேட்டரி இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை.

மல்டிமீட்டரைத் தொடரில் வைத்துப் பார்த்தேன். சிப் ஆழ்ந்த உறக்கத்தில்தான் இருந்தது, அதற்குச் சில மைக்ரோஆம்பியர் போதும். ஆனால் போர்டு மொத்தமாக 5 மில்லிஆம்பியருக்கு மேல் இழுத்தது! காரணம், பேட்டரி வோல்டேஜைக் குறைத்துச் சிப்புக்கு நிலையாகக் கொடுக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர். சும்மா இருக்கவே அதற்குச் சுமார் 5 மில்லிஆம்பியர் வேண்டும். 2000 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) செல்லை 400 மணி நேரத்தில் காலி செய்துவிடும். போதாக்குறைக்கு ஒரு பவர் எல்இடி. இருட்டுத் தொட்டிக்குள் அது யாருக்காம்?

எல்இடியைப் பிடுங்கினேன். ரெகுலேட்டர் இடத்தில் எச்டி7333 என்ற வேறொரு ரெகுலேட்டரை வைத்தேன், அதன் சொந்தச் செலவு சில மைக்ரோஆம்பியர்தான்.

அப்புறம் லோராவின் ஸ்ப்ரெடிங் ஃபேக்டர், அதாவது சிக்னலை எவ்வளவு நேரம் இழுத்து அனுப்புவது என்ற அமைப்பு. 12இல் இருந்ததை 7க்கு இறக்கினேன். ஒவ்வொரு படி இறங்கும்போதும் அனுப்பும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். ஒரு நொடிக்கு மேல் ஓடியது, நூறு மில்லிநொடிக்குள் முடிகிறது. தூரம் குறையும், சரி, வீடு பக்கத்தில்தானே. ஒரு மழைக்காலம் கடந்தும் அதே செல்கள்தான் ஓடுகின்றன.