கேபினட்டின் மேல் மூடியில் ஃபேன் துளை: எது வெட்டியது, எது வெட்டவில்லை

பழைய கம்ப்யூட்டர் கேபினட்டின் மேல் மூடியில் 120 மி.மீ. ஃபேன் வைக்க ஒரு வட்டம் வெட்ட வேண்டும். நாள்கணக்கில் இழுத்தடித்த வேலை ஒருவழியாக முடிந்தது, அப்பாடா!

முதலில் ஆங்கிள் கிரைண்டர். அதன் டிஸ்க் நேர்கோட்டுக்குத்தான் சரி, வளைவில் திரும்பாது. ஓரமெல்லாம் பெயின்ட் கருகி, தகடும் சூட்டில் லேசாக நெளிந்தது. அடுத்து ஜிக்சா, அதாவது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி அறுக்கும் கை மெஷின். வளைவாகப் போனது, ஆனால் தகடு தடதடவென்று அதிர்ந்து பிளேடின் பற்கள் உடைந்தன.

முக்கால் மி.மீ. தகட்டில் பெரிய பல் மாட்டிக்கொண்டு இழுக்கும். அங்குலத்துக்கு 32 பல் உள்ள மெட்டல் பிளேடு வாங்கினேன். அப்பவும் அதிர்வு முழுசாக நிற்கவில்லை. காரணம், பலரும் தொடாத ஒரு சின்ன லீவர். பல ஜிக்சாக்களின் பக்கவாட்டில் 0 முதல் 3 வரை எண் போட்டு இருக்கும். மேலும் கீழும் போகிற பிளேடை அது முன்னும் பின்னும் ஆட்டும். மரத்துக்கு நல்லது. மெல்லிய தகட்டுக்கு 0-தான். என்னுடையது 2-ல் இருந்தது.

மூடியைத் தனியாகக் கழற்றி, அடியில் பிளைவுட் வைத்து கிளாம்பால் இறுக்கினேன். பெயின்ட்டில் கீறல் விழாமலிருக்க மேலே மாஸ்கிங் டேப், அதன்மேல் 114 மி.மீ. வட்டம். வட்டத்துக்குள் 10 மி.மீ. துளை போட்டு பிளேடை இறக்கி, குறைந்த வேகத்தில் ஓட்டினேன். தகடும் பிளைவுட்டும் சேர்ந்தே சுத்தமாக அறுபட்டன.

பிசிறை அரைவட்ட அரத்தால் தேய்த்து, திருகுத் துளைகளை 105 மி.மீ. இடைவெளியில் போட்டேன். மாட்டுவதற்கு முன் மூடியை நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள். ஃபேன் மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது, மிச்சமிருக்கும் இரும்புத்தூள் நேராக அங்கேதான் போய் ஒட்டும்.