பத்தைக் கட்டவும் அவிழ்க்கவும்: தொடக்க வகுப்புகளில் கணக்குக் கற்பிக்கும் முறை

ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர், தம் பிள்ளை நூறு வரை தடங்கலின்றிச் சொல்லும் என்று பெருமையோடு கூறுவதைக் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்துப் பள்ளிகளில் ஆண்டுதோறும் கேட்கலாம். பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் மனக்கணக்கையும் பேரேட்டையும் நம்பித் தொழில் நடத்திய ஊர்கள் இவை. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. அந்த மதிப்பு நல்லதுதான். ஆனால் எண்களின் பெயரை வரிசையாகச் சொல்வது வேறு, பொருள்களை எண்ணுவது வேறு, எண்ணியதைக் கொண்டு கணக்குச் செய்வது வேறு என்பதை ஆசிரியர் முதல் வாரத்திலேயே பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு எளிய சோதனை ஒன்று போதும். ஒரு தட்டில் இருபது முப்பது புளியங்கொட்டைகளைப் போட்டு, ஒவ்வொரு குழந்தையையும் தனியாக அழைத்து, "இதிலிருந்து ஏழு எடுத்துக் கொடு" என்று கேளுங்கள். சில குழந்தைகள் ஏழில் நிறுத்தாமல் கொட்டை தீரும்வரை எண்ணிக்கொண்டே போவார்கள். சிலருக்கு வாய் ஓடும் வேகத்துக்கு விரல் ஓடாது, ஒரே கொட்டையை இரண்டு முறை எண்ணிவிடுவார்கள். சரியாக ஏழு எடுத்த குழந்தையையும் அத்துடன் விட்டுவிடாமல், அந்தக் கொட்டைகளைச் சற்றே பரப்பி வைத்து, "இப்போது எத்தனை?" என்று கேட்க வேண்டும். மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், இடம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்பது அந்தக் குழந்தைக்கு இன்னும் உறுதிப்படவில்லை என்று பொருள். ஒரு பொருளுக்கு ஓர் எண், எண்களின் மாறாத வரிசை, கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம், எதை எண்ணினாலும் முறை ஒன்றே, எங்கிருந்து தொடங்கினாலும் விடை ஒன்றே என்ற ஐந்தையும் எண்ணுதலின் அடிப்படைகளாகக் கெல்மன், காலிஸ்டல் என்ற உளவியலாளர்கள் 1978-இல் வகுத்துக் காட்டினார்கள். முதல் பருவத்தின் பெரும்பகுதி இந்த ஐந்துக்கே போனாலும் அது வீண் இல்லை. எதையும் வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும் வயதுக் குழந்தைகள் இருந்தால் மட்டும், கொட்டைகளை விடுத்துச் சற்றுப் பெரிய பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணத் தெரிந்த குழந்தை அடுத்துக் கற்க வேண்டியது பத்து. கூட்டல், கழித்தல், இடமதிப்பு, பெருக்கல் ஆகிய எல்லாமே பத்தைக் கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் அடங்கியிருக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. மளிகைக் கடையில் கிடைக்கும் முப்பது முட்டை அட்டையில் வரிசைக்கு ஐந்தாக ஆறு வரிசைகள் இருக்கும். அதை இரண்டிரண்டு வரிசைகளாக வெட்டினால் மூன்று பத்துக்குழி அட்டைகள் கிடைத்துவிடும். ஓர் அட்டையில் எட்டுக் கொட்டைகளை வைத்து, "நிரம்ப இன்னும் எத்தனை வேண்டும்?" என்று கேட்டால், குழந்தை எண்ணாமலேயே காலிக் குழிகளைப் பார்த்து "இரண்டு" என்று சொல்லத் தொடங்கும். இந்தப் பார்வை பழகிய பிறகு 8 + 5 என்பது சிரமம் இல்லை. ஐந்திலிருந்து இரண்டை எடுத்து முதல் அட்டையை நிரப்பினால் பத்து, மீதி மூன்று அடுத்த அட்டைக்குப் போகும், பதின்மூன்று. விரல்விட்டு எண்ணும் பழக்கத்தைக் கண்டித்து நிறுத்த முயல வேண்டாம். பத்தை நிரப்புவது கைவந்துவிட்டால் விரல் தானாகவே ஓய்ந்துவிடும்.

பத்துக்கு மேல் போகும்போது தென்னை ஈர்க்குச்சிகளைப் போல உதவுவது வேறில்லை. ஒரு விளக்குமாற்றைப் பிரித்து, குச்சிகளை ஒரே நீளத்தில் நறுக்கி, பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பாண்டு போடும் வேலையைக் குழந்தைகளிடமே விட வேண்டும். கட்டிய கை அந்தக் கட்டுக்குள் பத்து இருப்பதை மறப்பதில்லை. "மூன்று கட்டு, நாலு குச்சி" என்று சொல்லிப் பழகிய குழந்தைக்கு முப்பத்து நான்கு என்ற சொல்லும் 34 என்ற எழுத்தும் எளிதில் விளங்கும். தமிழ் எண்ணுப்பெயர்கள் இதற்குப் பெரும்பாலும் துணைசெய்யும். எண்பத்தொன்பதிலிருந்து தொண்ணூறுக்குப் போகும் இடத்தில் மட்டும் பெரும்பாலான குழந்தைகள் தடுமாறுவார்கள். அங்கே ஒன்பது கட்டுகளைக் கையில் கொடுத்துவிட்டுப் பெயரைச் சொல்லுங்கள். நூற்றெட்டை 1008 என்று எழுதும் குழந்தைக்கு, 100 என எழுதிய அட்டையின் மேல் 8 என எழுதிய சிறிய அட்டையைக் கடைசிப் பூஜ்ஜியத்தை மறைக்குமாறு வைத்துக் காட்டினால் குழப்பம் தீரும்.

கழித்தலில்தான் பொறுமை மிகவும் தேவைப்படுகிறது. 42 − 17 என்று கரும்பலகையில் எழுதினால், இரண்டாம் வகுப்பில் பலர் 35 என்று எழுதுவார்கள். இரண்டிலிருந்து ஏழு போகாதாகையால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருப்பார்கள். இதைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்துவதால் பயன் இல்லை. அந்தக் குழந்தையின் கையில் நான்கு கட்டுகளையும் இரண்டு குச்சிகளையும் கொடுத்து, "எனக்குப் பதினேழு கொடு" என்று கேளுங்கள். குழந்தை முதலில் ஒரு கட்டைத் தரும். பிறகு இரண்டு குச்சிகளைப் பார்க்கும், உங்களைப் பார்க்கும். அந்த இடத்தில் ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. சற்று நேரம் கழித்து, "டீச்சர், ஒரு கட்டை அவுக்கட்டுமா?" என்ற கேள்வி வரும். அவிழ்த்ததும் பன்னிரண்டு குச்சிகள், ஏழு போக ஐந்து, மிச்சம் இரண்டு கட்டு, ஐந்து குச்சி, இருபத்தைந்து. "எப்படிச் செய்தாய், சொல்" என்று கேட்டு, அந்தக் குழந்தையின் சொற்களிலேயே வகுப்புக்கு விளக்கச் சொல்லுங்கள். கரும்பலகையில் 4-ஐ அடித்து 3 என்றும், 2-க்கு மேல் 12 என்றும் எழுதுவது, இப்போது கை செய்த வேலையின் குறிப்பு மட்டுமே. "கடன் வாங்குதல்" என்று சொல்வதைவிட "கட்டை அவிழ்த்தல்" என்று சொல்வது நல்லது. வாங்கிய கடனை எப்போது திருப்பிக் கொடுப்பது என்ற ஐயம் குழந்தைக்கு எழாது.

குச்சியிலிருந்து நேராக எழுத்துக்குத் தாவிவிடவும் கூடாது. செயல், படம், குறியீடு என்ற மூன்று படிகளை உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் எடுத்துச் சொன்னார். கட்டுக்கு ஒரு கோடு, குச்சிக்கு ஒரு புள்ளி என்று சிலேட்டில் வரைந்து கணக்குச் செய்வது நடுவிலுள்ள படி. பல வகுப்புகளில் விட்டுப்போவதும் அதுவே. எல்லாக் குழந்தைகளும் ஒரே நாளில் படியேற மாட்டார்கள். தமிழ்நாடு அரசால் 2022-இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக்கொள்ள இடம் தருவதால், மலர் நிலைக் குழந்தை எழுத்தால் கணக்கிடும் நேரத்தில் அரும்பு நிலைக் குழந்தை குச்சியோடு இருப்பதில் குறையொன்றும் இல்லை.

கிராமத்துப் பள்ளிகளில் ஓராசிரியர் மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்த வேண்டிவரும்போது பல்லாங்குழி பெரிதும் உதவும். பல வீடுகளின் பரணில் அது இருக்கும். ஆயாவையோ அப்பத்தாவையோ கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பதினான்கு குழிகளிலும் ஐந்தைந்து கொட்டைகளைப் போட்டுவிட்டு, ஒன்றாம் வகுப்பிடம் ஒவ்வொரு குழியிலும் ஐந்து இருக்கிறதா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் வகுப்பு இரண்டு குழிகளைச் சேர்த்துப் பத்தாக்கி, ஏழு பத்து எழுபது என்று காணட்டும். மூன்றாம் வகுப்பு 14 × 5 என்பதைப் பத்துக் குழிக்கு ஐம்பது, நான்கு குழிக்கு இருபது என்று பிரித்து அதே எழுபதை அடையட்டும்.

பெருக்கலுக்கு, பூவேலைப்பாடுள்ள சதுரக் கற்கள் பதித்த ஆத்தங்குடிப் பூக்கல் தரையைவிட நல்ல கரும்பலகை இந்தப் பக்கத்தில் இல்லை. பள்ளிக்கு அருகில் அப்படித் தரையுள்ள வளவு வீடோ கல்யாண மண்டபமோ இருந்தால், அனுமதி கேட்டு ஒரு பாடவேளைக்கு அழைத்துச் செல்லலாம். வரிசைக்கு ஆறு கல்லாக ஏழு வரிசைகளைச் சாக்பீஸால் சுற்றி வளைத்து, ஐந்தாம் வரிசையின் கீழே ஒரு கோடு போடுங்கள். மேலே முப்பது, கீழே பன்னிரண்டு. ஆகவே 7 × 6 என்பது 42. பக்கவாட்டில் போய் நின்று பார்த்தால் வரிசைக்கு ஏழாக ஆறு வரிசைகள் தெரியும். விடை மாறவில்லை என்பதைக் குழந்தைகளே சொல்வார்கள். நான்கு கற்கள் சேர்ந்து ஒரு பூவாகும் வடிவம் அமைந்திருந்தால், நான்காம் வாய்பாட்டையும் கால், அரை, முக்காலையும் அதிலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம். வாய்பாட்டை மனப்பாடம் செய்வதை நான் எதிர்க்கவில்லை; அது கட்டாயம் வேண்டும். ஆனால் அது இப்படி ஒருமுறை கண்ணால் கண்ட பிறகு வர வேண்டும்.

வாக்கியக் கணக்குகளில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு விடை எழுதும் பழக்கத்தை வளர்த்துவிடாதீர்கள். "உமையாளிடம் 12 மாவுருண்டைகள் உள்ளன. அது சாத்தப்பனிடம் இருப்பதைவிட 5 அதிகம். சாத்தப்பனிடம் எத்தனை?" என்று கேட்டால், அதிகம் என்ற சொல்லைக் கண்டதும் 17 என்று எழுதிவிடுவார்கள். எண்ணைத் தொடும் முன் இருவருக்கும் இரண்டு பட்டைகள் வரைந்து, யாருடைய பட்டை நீளம் என்று முடிவு செய்யச் சொன்னால், 7 என்ற விடை படத்திலேயே தெரிந்துவிடும்.

வீட்டில் என்ன சொல்லிக்கொடுப்பது என்று கேட்கும் பெற்றோருக்கு, பக்கம் பக்கமாக எழுதும் வீட்டுப்பாடத்தைவிடக் கடை வேலையைக் கொடுங்கள். 37 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 50 ரூபாய்த் தாளைக் கொடுக்கும்போது, 37-லிருந்து 40-க்கு மூன்று, 40-லிருந்து 50-க்குப் பத்து, ஆகப் பதின்மூன்று என்று பத்தை நிரப்பியே மீதியைக் கணக்கிடலாம். கடைக்காரர் தரும் சில்லறையைப் பெற்றோர் வாங்கிக்கொள்ளாமல், குழந்தையே வாங்கி, எண்ணி, சரியாக இருக்கிறதா என்று சொன்ன பிறகு கடையைவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.