மரத்தை வழவழப்பாக்க உப்புத்தாளை எப்படிப் பயன்படுத்துவது?

உப்புத்தாள் மரத்தை வழவழப்பாக்குகிறது என்று சொன்னாலும், உண்மையில் அது மேற்பரப்பைக் கீறுகிறது; முரட்டுத் தாள் விட்ட ஆழமான கீறல்களை அடுத்த தாள் அழித்துவிட்டு, அவற்றைவிடச் சிறிய கீறல்களை விட்டுச்செல்ல, இறுதியில் அவை கண்ணுக்கும் கைக்கும் புலப்படாத அளவுக்குச் சிறுத்துவிடுகின்றன. தாளின் பின்புறம் அச்சிட்டுள்ள எண் கூடக்கூட அதன் துகள்கள் நுண்மையாகும். ஆகவே 80, 120, 180, 220 என்று படிப்படியாகச் செல்வதே முறை. அவசரப்பட்டு 80-இலிருந்து நேரே 220-க்குத் தாவினால், தொடுவதற்கு மென்மையாகத் தோன்றும் பலகையில்கூட, சாயம் பூசியவுடன் பழைய கீறல்கள் கருங்கோடுகளாகத் தெரியத் தொடங்கும்.

கையால் தேய்ப்பவர்கள் இழை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். தாளை மாற்றுவதற்கு முன் தூசியைத் துடைத்துவிட்டு, டார்ச் விளக்கைப் பலகையை ஒட்டிப் படுக்கைவாட்டில் பிடித்துப் பார்த்தால், நேர்வெளிச்சத்தில் மறைந்திருந்த கீறல்கள் நிழலுடன் தென்படும். விரலை நம்புவதைவிட இந்தச் சோதனை மேலானது என்பது என் கருத்து.

நீர் கலந்த பூச்சு பூசுவதாக இருந்தால், முதலில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டு, சிலிர்த்து எழும் நார்களை 220 தாளால் லேசாக நீக்கிவிடுவது நல்லது. அளவுக்கு மீறி நுண்தாளால் தேய்த்த பரப்பில் சாயம் சரியாக ஏறாது. பலகையின் வெட்டுமுனை, அதாவது மர இழைகளைக் குறுக்காக அறுத்த முனை, மட்டும் விதிவிலக்கு; அது சாயத்தை அதிகம் உறிஞ்சிக் கறுத்துவிடும் என்பதால், அங்கு மட்டும் ஒரு படி கூடுதலான நுண்தாளைப் பயன்படுத்தலாம்.