அறுபது வயதுக்கு மேல் அந்தமானில் காட்டு நடை: தம்பதிகளுக்கான செய்முறை

அந்தமானில் புதியவர்கள் நடக்கக்கூடிய பாதைகள் எதுவும் பெரிய உயரம் ஏறுவதில்லை. மூச்சு வாங்கித் திரும்பியவர்களைவிட வேரில் கால் தடுக்கித் திரும்பியவர்களே அங்கே அதிகம் இருப்பார்கள். சேறு, வியர்வை வற்றாத ஈரக்காற்று, பாதையை மூடும் கடல் ஏற்றம், மாலை 5 மணிக்கே மறையும் சூரியன் ஆகியவைதான் அங்கே தொல்லை தருபவை. போவதற்கு எல்லோரும் திட்டம் போடுகிறார்கள், திரும்புவதற்குப் போடுவதில்லை. கீழே உள்ளது, இதுவரை மலைப்பாதை பக்கம் போகாத, ஓய்வுபெற்ற கணவன் மனைவி சென்னையிலிருந்து கிளம்புவதாக வைத்து எழுதியது.

படி 1: மாதம், நாட்கள், ஊர்ப் பெயர்கள்

பிப்ரவரி, மார்ச் சிறந்தவை. மே மாதத்திலேயே தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடல் புயல் காலம். ஏப்ரலில் மழை இல்லாவிட்டாலும் புழுக்கம் ஆளை வதைக்கும்.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கப்பலும் உண்டு. ஆனால் கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும், முதல் பயணத்துக்கு வேண்டாம்.

தலைநகர் போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். ஹேவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் தீவு, நீல் தீவு அதே ஆண்டு முதல் ஷஹீத் தீவு. மவுண்ட் ஹாரியட் 2021 முதல் மவுண்ட் மணிப்பூர். டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர் வரும். தமிழ் பேசுவோர் அங்கே நிறைய இருப்பதால் கேட்டுத் தெரிந்துகொள்வது கடினமில்லை.

எட்டு இரவுகளை இப்படிப் பிரியுங்கள்: தலைநகரில் 3, ஹேவ்லாக்கில் 3, நீலில் 1, கடைசி இரவு மறுபடி தலைநகரில். அந்தக் கடைசி இரவைச் சேமிக்க நினைக்காதீர்கள். கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கு இடையிலான படகை ரத்து செய்வார்கள், விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது.

படி 2: எட்டு வாரத்துக்கு முன்பே உடம்பு

டாக்டரிடம் "அந்தமான் போகிறோம், போகலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் நடந்து வியர்க்கப்போகிறேன். என் பிரஷர் மாத்திரையில் நீர் பிரியச் செய்யும் மருந்து இருக்கிறதா? சுகர் மாத்திரையின் அளவை அன்று மாற்ற வேண்டுமா?" என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

முதல் இரண்டு வாரம்: வாரத்தில் 5 நாள், 30 நிமிடம் சமதளத்தில் நடை. நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு துண்டுபட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

3 முதல் 5 வரை: நடையை 60 நிமிடமாக்குங்கள். வாரம் இருமுறை நான்கு மாடி ஏறி, நான்கு மாடியும் நடந்தே இறங்குங்கள். பலரும் படியில் ஏறிவிட்டு, முட்டிக்கு நல்லது என்று லிப்டில் இறங்குவார்கள். காட்டில் லிப்ட் இல்லையே. இறங்கும்போது தொடையின் முன்தசை உடல் எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. பழக்கமில்லாத தசைக்கு இந்த வேலைதான் வலி தரும், அதுவும் உடனே அல்ல, ஒன்றிரண்டு நாள் கழித்து. முதல் நடையன்று சிரித்தவர் மூன்றாம் நாள் காலை கட்டிலிலிருந்து எழ முடியாமல் முனகுவது இதனால்தான். ஏற்கெனவே முட்டிவலி இருப்பவர்கள் இதைத் தொடங்குமுன் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்துவிடுங்கள்.

6, 7: முதுகில் 4 கிலோ பையோடு இரண்டு மணி நேரம். கடற்கரை மணல் பக்கத்தில் இருந்தால் பாதி நேரம் அதில் நடங்கள். எட்டாவது வாரம் பாதியாகக் குறைத்து ஓய்வு.

இவற்றோடு தினமும் பல் தேய்க்கும்போது வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்ளும் தூரத்தில் ஒற்றைக் காலில் 30 விநாடி நில்லுங்கள், பிறகு மறு கால். ஈர வேரில் கால் வழுக்கும் நொடியில் உதவுவது இந்தப் பயிற்சிதான்.

படி 3: ஷூவும் ஸ்டிக்கும்

பல வருடம் அலமாரியில் கிடந்த நல்ல ஷூவை எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள். அடிப்பாகத்தில் உள்ள பாலியூரித்தேன் நுரை காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள்ளேயே சிதைந்துகொண்டிருக்கும். வெளியே புதிது போலத் தெரியும், சேற்றில் நடந்த சற்று நேரத்தில் அடிப்பாகம் வாய் பிளந்துவிடும். வாங்குவதானால் மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், நடக்கப்போகும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லையென்றால் இறக்கத்தில் நகம் ஷூவில் இடித்து இடித்துக் கறுத்துவிடும். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொப்புளம் கொண்டுவரும், நைலான் அல்லது கம்பளி கலந்ததே மேல். ஊருக்குப் புறப்படுமுன் குறைந்தது 40 கிலோமீட்டராவது அந்த ஷூவில் நடந்திருங்கள்.

ட்ரெக்கிங் ஸ்டிக் ஆளுக்கு இரண்டு. ஒன்றைப் பங்கு போட்டுக்கொள்வது வீண். சமதளத்தில் கைப்பிடியைப் பிடித்தால் முழங்கை 90 டிகிரியில் மடங்க வேண்டும். ஏற்றத்தில் 5 முதல் 10 செ.மீ. குறையுங்கள், இறக்கத்தில் அதே அளவு கூட்டுங்கள். கைப்பட்டைக்குள் கையைக் கீழிருந்து மேலாக நுழைத்துப் பிடித்தால் எடை பட்டையில் இறங்கும், விரல் வலிக்காது. விமானத்தில் இவற்றை லக்கேஜில் போட்டுவிடுங்கள், கைப்பையில் விட மாட்டார்கள். பவர் பேங்க் நேர்மாறு: கைப்பையில் மட்டும்.

படி 4: பை

எல்லா மருந்தையும் ஒரே பையில் வைக்காதீர்கள். பயண நாட்களைவிட ஐந்து நாள் கூடுதலாக எடுத்து, இருவர் பையிலும் பாதிப் பாதி போடுங்கள். ஒரு பை படகில் நனைந்தாலும் மறு பை இருக்கும். இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். மருந்துச் சீட்டின் நகலில் ரத்த வகை, ஒவ்வாமை எழுதி ஒருவர் சீட்டை மற்றவர் பையில் வையுங்கள். மயங்கியவரின் பையை மற்றவர் துழாவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நடை நாளில் ஆளுக்கு: தண்ணீர் 1.5 லிட்டர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் 1, குளுக்கோஸ், கடலை மிட்டாய், விசில், தலையில் கட்டும் டார்ச், ஜிப் உறை, மாற்று சாக்ஸ், ஒட்டு டேப். பகலில் டார்ச் எதற்கு என்பதற்குப் பதில் அடுத்த படியில். ஓ.ஆர்.எஸ். தீர்ந்துவிட்டால் 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, மட்டமாக வழித்த அளவில். உப்பை உத்தேசமாக அள்ளிப் போடுவது ஆபத்து. ஹேவ்லாக், நீல் இரண்டிலும் நெட்வொர்க்கை நம்பிப் பணம் கட்ட முடியாத நேரங்கள் வரும், ரொக்கம் வையுங்கள். பெரிய மருத்துவ வசதிக்கு ஸ்ரீ விஜயபுரத்தின் ஜி.பி. பந்த் மருத்துவமனைதான்.

படி 5: கடிகாரக் கணக்கு

இந்தப் பயணத்தின் உயிர் இங்கேதான். அந்தமான் சென்னைக்குக் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருந்தாலும் கடிகாரம் ஒன்றே. டிசம்பரில் 5 மணியை ஒட்டிச் சூரியன் மறைகிறது, பிப்ரவரியில் ஐந்தரைக்குள். மரங்களுக்கு அடியில் அரை மணி நேரம் முன்பே இருட்டும். அதனால் பிற்பகல் 3 மணிக்குள் காட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டி "அரை மணி நேரம்தான் சார்" என்று சொல்வது இருபது வயதுக் கால்களுக்கு. இருவரில் மெதுவாக நடப்பவர் யாரோ அவரது வேகமே கணக்கு. வேரும் சேறுமான பாதையில் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் என்று போட்டுக்கொள்ளுங்கள். அப்படியானால் 2 கி.மீ.க்கு 1 மணி 20 நிமிடம். திரும்பும்போது களைப்புக்காக மூன்றில் ஒரு பங்கு சேர்த்து 1 மணி 45 நிமிடம்.

அடுத்தது கடல். எலிபென்ட் பீச் பாதையின் கடைசிப் பகுதி அலையாத்திக் காட்டு ஈரநிலம். ஹை டைடில், அதாவது கடல் ஏறியிருக்கும் நேரத்தில், அங்கே தண்ணீர் ஏறும். கடல் வற்றும் நேரமான லோ டைட் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று காலை 8.20 என்றால் நாளை 9.10, மறுநாள் 10 மணி. அந்த மூன்றாம் நாளைத் தேர்ந்தெடுங்கள். காலை 7 மணிக்கு நுழைந்தால் எட்டரை வாக்கில் கரையில் இருப்பீர்கள், பதினொரு மணிக்குத் திரும்பத் தொடங்கலாம். இரண்டு முறையும் தண்ணீர் இறங்கியிருக்கும். ஹேவ்லாக்குக்கு மூன்று இரவு கேட்டதற்குக் காரணம் இந்தத் தேர்வுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் அதிகம், தினசரிக் காலண்டரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அன்றைய நேரத்தைத் தங்குமிடத்திலோ ஜெட்டி எனப்படும் படகுத்துறையிலோ கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 6: மூன்று நடைகள், இந்த வரிசையில்

முதலில் சிடியா டாப்புவில் முண்டா பஹாட். தலைநகரிலிருந்து சுமார் 25 கி.மீ. காரில் போய், கடற்கரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. நடை. முடியும் இடம் கடலுக்கு மேல் நிற்கும் பாறை விளிம்பு, படத்துக்காகப் பின்னால் நகராதீர்கள். ஷூ கடிக்கிறதா, ஸ்டிக் உயரம் சரியா என்று தெரிந்துகொள்ள இது போதும்.

அடுத்து மவுண்ட் மணிப்பூரிலிருந்து காலாபத்தர் காட்சிமுனை. சாத்தம் ஜெட்டியில் படகேறி பாம்பூ பிளாட்டில் இறங்கி, வண்டியில் மேலே போகலாம். வனத்துறையில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பழைய 20 ரூபாய் நோட்டின் பின்பக்கக் கலங்கரை விளக்கக் காட்சி இந்த மலையிலிருந்து தெரிவதுதான். நடை போகும் வழியில் இரண்டு கி.மீ.க்குச் சற்று மேல். அதே பாதை மதுபன் வரை கடலை நோக்கி இறங்குகிறது. இறக்கம் சுகமாக இருக்கிறதே என்று தொடர்ந்தால் திரும்பி ஏற வேண்டியிருக்கும், காலாபத்தரோடு நில்லுங்கள். ஹேவ்லாக்கிலும் காலாபத்தர் என்றொரு கடற்கரை உண்டு, டிரைவரிடம் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது எலிபென்ட் பீச். ஹேவ்லாக்கில் ராதாநகர் போகும் சாலையிலிருந்து சுமார் 2 கி.மீ. உள்ளே. வழிகாட்டியோடு மட்டும் போங்கள். திறந்திருக்கிறதா என்று முதல் நாளே விசாரியுங்கள். ஒருவருக்கு முட்டி ஒத்துழைக்காவிட்டால் அவர் ஜெட்டியிலிருந்து படகில் வரட்டும், மற்றவர் நடக்கட்டும், கரையில் சந்தித்துக்கொள்ளலாம். நடந்தவரும் படகில் திரும்ப நினைத்தால் படகுக்காரரிடம் முன்னதாகவே பேசி முடித்துவிடுங்கள். கரைக்குப் போன பிறகு கேட்டால் இடம் இருக்காது.

திக்ளிபூரில் இருக்கும் சேடில் பீக் 732 மீட்டர், அந்தமானின் உச்சி. முதல் பயணத்தில் அதைத் தொடாதீர்கள். சாலை வழியே போவதற்கே ஒரு நாள் முழுதாகிவிடும். அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புப் பகுதி வழியே, வண்டிகளை வரிசையாக அனுப்பும் முறையில் செல்கிறது. அங்கே நிறுத்துவதும் படம் எடுப்பதும் குற்றம்.

படி 7: பாதையில்

மெதுவாக நடப்பவர் முன்னால், வேகமானவர் பின்னால், இடையில் இரண்டு மூன்று மீட்டர். பின்னால் வருபவர் "சீக்கிரம்" என்று சொல்லாமலிருப்பது பயிற்சியிலேயே கடினமான பகுதி.

வயதாக ஆகத் தாகம் சரியாகத் தெரியாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை நான்கைந்து மடக்கு குடியுங்கள். இதய, சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் டாக்டர் சொன்னபடி. இறக்கத்தில் முட்டியைச் சற்று மடக்கி, சிறு அடிகளாக, முதலில் ஸ்டிக், பிறகு கால். வேர் மேல் மிதிக்காதீர்கள், தாண்டி வையுங்கள். குதிகாலில் சூடு தெரிந்த உடனே நின்று டேப் ஒட்டுங்கள், கொப்புளம் வந்தபின் ஒட்டிப் பயனில்லை.

சுகர் உள்ளவருக்குக் கை நடுக்கம், திடீர் வியர்வை, காரணமில்லாத எரிச்சல் வந்தால் 3 டீஸ்பூன் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் உட்கார வையுங்கள், சரியாகாவிட்டால் மறுபடி. பேச்சு குழறி, உடல் கொதித்தால் அது வெப்பத் தாக்கு: நிழலில் படுக்கவைத்து உடம்பெல்லாம் நனைத்து விசிறிக்கொண்டே உதவிக்கு ஆள் அனுப்புங்கள். மார்பு அழுத்தம் என்றால் அங்கேயே உட்கார வைத்து உதவி தேடுங்கள், மேலே நடக்க விடாதீர்கள்.

மழை பெய்திருந்தால் அட்டை ஏறும். பிய்த்து இழுக்காமல் நகத்தை அதன் வாய்க்கும் தோலுக்கும் இடையே சறுக்கிவிட்டால் விழுந்துவிடும்.

படி 8: கடல்

படகில் கீழ்த்தளத்தின் நடுவில், தொடுவானம் தெரியும் இருக்கை. பயணவாந்தி மாத்திரைகள் பல தூக்கம் வரவழைப்பவை. புரோஸ்டேட் வீக்கம், கண் அழுத்தம் உள்ளவர்களுக்குச் சில ஆகாது, முன்பே கேளுங்கள். போட்டுக்கொண்ட நாளில் காட்டு நடை வைக்காதீர்கள். உப்புநீர் முதலை உள்ள தீவுகள் இவை. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்திலும் ஓடை வாயிலும் அலையாத்தி ஓரத்திலும் கால்கூட நனைக்க வேண்டாம். ஸ்கூபா செய்தால் விமானத்துக்கு முன் 24 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

நீல் தீவு பெரும்பாலும் சமதளம், சைக்கிள் போதும். அங்குள்ள இயற்கைப் பாறைப் பாலத்தை லோ டைடில் பாருங்கள். பாறை கூர்மை, ஷூவோடு நடங்கள்.

திரும்பும் நாள்

கரையில் கிடக்கும் பவளம், சிப்பி எதையும் பையில் போடாதீர்கள். விமான நிலைய ஸ்கேனரில் தெரியும், வழக்கும் வரலாம். ஸ்டிக்கின் துண்டுகளைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, தனித்தனியே காயவைத்த பிறகே பூட்டுங்கள். உப்பு உள்ளே தங்கினால் அலுமினியக் குழாய்கள் ஒன்றோடொன்று இறுகி, அடுத்த முறை உயரம் மாற்றவே முடியாது. ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள், வெயிலில் பசை விட்டுவிடும்.